இன்றைய திருத்தம்

நாரணம்பேரியில் பாட்டுகள் தம்மைத் தாமே திருத்திக்கொள்ளத் தொடங்கியது ஒரு சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில். அணஞ்சபெருமாள் காப்பி கிளப்பில் இரண்டாவது ஈடு இட்லி இறங்கி, ரயிலுக்குப் போகிறவர்கள் சட்னிக்குச் சத்தம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பதினைந்து வருஷமாக அதே கிராமபோன் பெட்டியிலிருந்து 'கயல்விழியாள்' என்று பாடிவந்த மிஸ் ரெங்கமணி, அன்றைக்கு யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் 'புகைவிழியாள்' என்று பாடினாள். முள் மழுங்கிவிட்டது என்று நினைத்து அணஞ்சபெருமாள் புது முள் போட்டார். மறுபடியும் புகைவிழியாள்தான். அம்மாளுக்குச் சளி பிடித்திருக்கும் என்றார் ஒருவர். அம்மாள் பட்டணத்தில் பாட்டைப் பதிகிற மெழுகுத் தட்டுக்கு முன்னால் நின்று பாடி வருஷம் பதினைந்தாகிறது, இன்றைக்குச் சளி பிடித்தால் அன்றைக்குப் பாடியது எப்படிக் கெடும் என்று இன்னொருவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான், ஆனால் இட்லி ஆறிக்கொண்டிருந்தது, ரயிலும் வந்துகொண்டிருந்தது, ஆகவே அந்த விவகாரத்தை யாரும் மேற்கொண்டு கிளறவில்லை.

பின்கட்டில் ஆட்டுக்கல் மட்டும் நின்றுபோயிருந்தது. மாவு வழியும் கையோடு சிதம்பரவடிவு, குழவியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பாட்டை எழுதியவன் அவள் புருஷன் தளவாய். நாடகக் கம்பெனிகளுக்குப் பாட்டு எழுதிக்கொண்டிருந்தவனை மயில் மார்க் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் பட்டணத்துக்கு அழைத்துப் போனார்கள். மூன்று வருஷத்தில் பத்தொன்பது பிளேட்டு, முன்னும் பின்னுமாக முப்பத்தெட்டுப் பாட்டு. பிளேட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தில் மயில் இருந்தது, ராகம் இருந்தது, தாளம் இருந்தது, ரெங்கமணியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது; பாட்டின் நடுவே ஆர்மோனியக்காரர் சொல்லும் 'பேஷ்' கூடப் பதிவாகியிருந்தது. பாட்டு முடிந்த கையோடு, கேட்கிறவர்கள் வேறு யாரையாவது நினைத்துக்கொள்ளப் போகிறார்களே என்ற பயத்தில், "நான்தான் மிஸ் ரெங்கமணி" என்று அந்த அம்மாளே அறிவித்தும் விடுவாள். அந்தக் காலத்து வழக்கம் அது. எழுதியவன் பெயருக்கு மட்டும் அந்த மூன்று நிமிஷத்தில் இடம் கிடைக்கவில்லை. அது யார் என்று நாரணம்பேரிக்குத் தெரியும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு பிளேட்டும் வெளிவந்தவுடன் தளவாய் அதைப் பார்சலில் காப்பி கிளப் விலாசத்துக்கு அனுப்புவான், ஊரில் கிராமபோன் பெட்டி இருந்த ஒரே இடம் அதுதான் என்பதால். உள்ளே வைக்கோல் இருக்கும், பிளேட்டு இருக்கும், கடுதாசி இருக்காது. பத்தொன்பதாவது பார்சலுக்குப் பிறகு பார்சலும் வரவில்லை. யுத்தம் வந்தது, குண்டுக்குப் பயந்து பட்டணமே காலியானது, யுத்தம் போனது, பட்டணம் திரும்ப நிறைந்தது. தளவாய் எந்தக் கூட்டத்தோடு போனான், எந்தக் கூட்டத்தோடு வரவில்லை என்று சொல்ல ஆளில்லை. வடிவு காப்பி கிளப்பில் மாவாட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். சொந்தமாக ஒரு ஏக்கர் வயலும் குத்தகை நெல்லும் இருக்கிறவள் எதற்கு மாவாட்டப் போகிறாள் என்று ஊர் முதலில் வியந்தது. பிறகு பின்கட்டில் உட்கார்ந்தால் பாட்டு நன்றாகக் கேட்கும் என்பதைக் கண்டுபிடித்து, வாயை மூடிக்கொண்டது.

பட்டணத்துக்குப் போவதற்கு முன்னால், சாயங்காலங்களில் அடுப்படியில் உட்கார்ந்துதான் தளவாய் பாட்டுக் கட்டுவான். கட்டியதை அவளிடம் வாசித்துக் காட்டுவான்; பின்னால் பிளேட்டில் ஏறிய பாட்டெல்லாம் அப்படிக் கட்டியவைதான். அவளுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும், ஆனாலும் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிற ரகமில்லை. கயல்விழியாள் என்று அவன் வாசித்தபோது ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்து, ஊரில் உள்ளவன் எல்லாம் மீனு மீனுன்னு எழுதியாச்சு, அடுப்பு முன்னால நிக்கவ கண்ணைப் பாத்து எழுதுங்க, புகைவிழியாள்னு போடுங்க என்றாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துவிட்டுக் கயல்விழியாள் என்றே எழுதினான். இப்போது பதினைந்து வருஷம் கழித்து, எங்கிருந்தோ, அதை அடித்துவிட்டு அவள் சொன்னதைப் போட்டிருக்கிறான்.

வியாழக்கிழமை 'மலர்மஞ்சம்' போய்க் 'கோரைப்பாய்' வந்தது. பூவில் படுத்தால் எறும்பு கடிக்காதா என்று அவள் கேட்ட கேள்விக்கு அது பதில். ஞாயிற்றுக்கிழமை முருகன் பாட்டில் 'வள்ளியைக் கவர்ந்தவா' மறைந்து 'வள்ளியைக் கேட்டவா' ஆனது. ஒரு பெண்ணைக் கேட்காமல் தூக்கிக்கொண்டு போவது என்ன பெருமை என்று அவள் ஒரு மழை நாளில் சண்டை பிடித்திருந்தாள். ஊருக்கு இதெல்லாம் தெரியாது. ஊருக்குத் தெரிந்தது, பாட்டு மாறுகிறது என்பது மட்டும்தான். மனுஷனுக்கு நரை வருகிறது, கிணற்றுக்கு ஊற்று மாறுகிறது, பாட்டுக்கு வார்த்தை மாறினால் என்ன குடி முழுகிப் போய்விடும் என்று நாரணம்பேரி இரண்டே வாரத்தில் அதற்குப் பழகிக்கொண்டது. அணஞ்சபெருமாள், ரவா தோசை உண்டு என்று எழுதிப்போடும் கரும்பலகையில் பாதியை ஒழித்து, 'இன்றைய திருத்தம்' என்று தலைப்பிட்டு, பழைய சொல்லையும் புதுச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்தார். தோசைக்கு வந்தவர்கள் திருத்தத்தைப் படித்தார்கள், திருத்தத்துக்கு வந்தவர்கள் தோசை தின்றார்கள். தமிழ் வாத்தியார் சூரியநாதர் தினமும் நோட்டுப் புத்தகத்தோடு வந்து, புதுச் சொல்லைச் சீர் பிரித்து, மாத்திரை எண்ணி, இடிக்கவில்லை என்று தலையாட்டினால்தான் மற்றவர்கள் காப்பியை வாயில் வைப்பார்கள் என்ற அளவுக்குக் காரியம் முற்றியது.

கிருத்திகைப் பஜனையில் கவர்ந்தவாவா கேட்டவாவா என்று இரண்டு கட்சி ஆகி, கடைசியில் ஆண்கள் பழையதையும் பெண்கள் புதியதையும் ஒரே சமயத்தில் பாடுவதென்று தீர்மானம் ஆனது. முருகன் இரண்டையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார். குளத்தில் குளித்துக்கொண்டே பழைய வார்த்தையைப் பாடுகிறவனை அடுத்த படியில் துவைக்கிறவள் திருத்தினாள். வைகாசிக் கல்யாணங்களில், சம்பந்தி வீட்டார் திருந்திய பிளேட்டா திருந்தாத பிளேட்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்கள். மயில் மார்க் ஏஜெண்டு ஒருநாள் வந்து, கேட்டு, கழுத்தைச் சொறிந்து, பையிலிருந்து உறை பிரிக்காத புதுப் பிளேட்டு ஒன்றை எடுத்துப் போட்டார். அதிலும் கோரைப்பாய்தான். மயில் மார்க் பிளேட்டு நாளாக நாளாக மெருகேறும் என்பதை விளம்பரத்தில் சேர்க்கச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ரயிலில் ஏறிவிட்டார்.

வடிவு யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தலையில் பூ வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தாள். சந்தோஷமாக இருந்தாள் என்றால் சந்தோஷமாகத்தான் இருந்தாள், அதில் மறைக்க என்ன இருக்கிறது. தான் சொன்னது சரி என்று புருஷன் ஒத்துக்கொள்வது எந்தப் பெண்ணுக்கும் தினம் நடக்கிற சங்கதி இல்லை. அவளுக்கு அது தினம் காலையில், காப்பி கிளப் கூட்டம் மொத்தமும் கேட்க, ரெங்கமணியின் குரலில் நடந்தது. ஆனால் ஒவ்வொரு திருத்தம் முடிந்ததும் அவள் மனம் ஒரே ஒரு பிளேட்டைப் போய்த் தொட்டுவிட்டுத் திரும்பும்.

அதுதான் முதல் பிளேட்டு. பிரிந்து போகிற ஒருவன் பாடுகிற பாட்டு:

*போகிறேன் பெண்ணே, போகிறேன் — இந்தப்*
*பொழுது புலருமுன் போகிறேன்.*

நாடு முழுக்க அதைப் பாடியது. வடிவு மட்டும் அது வந்தால் குழவியை வேகமாகச் சுற்றிப் பாட்டை மூடப் பார்ப்பாள். நம் பக்கத்தில் யாரும் வாசலில் நின்று 'போறேன்' என்று சொல்வதில்லை. அடுத்த தெருவுக்குப் போகிறவன்கூடப் போயிட்டு வாரேன் என்பான், அதையும் சுருக்கி வாரேன் என்பான். இருக்கிறவர்கள் சரி, வாங்க என்பார்கள். போறேன் என்பது வருவதாக உத்தேசமில்லாதவன் சொல்கிற சொல். பட்டணத்துக்குக் கிளம்புகிற காலையில் அவன் இந்தப் பாட்டை வாசித்துக் காட்டியதும் அவள் கட்டுச்சோற்று மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, இது வேண்டாம், போய்வருகிறேன் என்று மாற்றுங்கள் என்றாள். அவன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். மெட்டு ஆர்மோனியக்காரர் போட்டது, நகர்த்த முடியாது. போய்வருகிறேன் அதில் அடங்காது, இரண்டு மாத்திரை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் என்றான். துருத்தட்டும் என்றாள். ஒரு சொல்லுக்காக மெட்டைக் கெடுக்கச் சொல்கிறாயே என்றான். ஒரு மெட்டுக்காக வீட்டைக் கெடுக்கிறீர்களே என்றாள். வார்த்தை தடித்தது, ரயிலுக்கு நேரமானது. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசற்படி தாண்டினான். தாண்டியபின், பாட்டில் உள்ளதைத்தான் சொன்னானோ, கோபத்தில் சொன்னானோ, "போறேன்" என்றான்.

அவள் சரி, வாங்க என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். பதினைந்து வருஷமாக அந்த இரண்டு வார்த்தை அவளிடமே தங்கிவிட்டது.

ஆனி பிறந்ததும் தளவாயின் அண்ணன் பிச்சாண்டி வந்தார். கெட்ட மனுஷன் இல்லை. தம்பியைத் தோளில் தூக்கி நாடகம் பார்க்கக் கூட்டிப்போனவர். கடைசிப் பார்சல் வந்து, இந்த ஆடி அமாவாசையோடு பன்னிரண்டு வருஷம் முடிகிறது, பன்னிரண்டு வருஷம் தகவல் இல்லாதவனுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து ஆற்றங்கரையில் காரியம் செய்துவிடுவதுதான் முறை என்று, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். காரியம் ஆனால் வடிவு கழுத்தில் இருப்பதைக் கழற்ற வேண்டும். அதை அவர் வாயால் சொல்லவில்லை, சொல்லவேண்டியும் இருக்கவில்லை. பிளேட்டு மாறுவதை நீங்களும்தானே கேட்கிறீர்கள், உயிரோடு இல்லாதவர் எப்படித் திருத்துவார் என்று அவள் கேட்டாள். ஒவ்வொரு திருத்தமும் தான் சொன்னது என்பதையும் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஓர் ஆளிடம் சொன்னாள்.

பிச்சாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"செத்தவனுக்குத்தான் தாயி ஆற அமர யோசிக்க நேரம் இருக்கும்," என்றார் பிறகு. "அவன் போயிருந்தான்னா, பன்னெண்டு வருஷமா ஒரு வாய் தண்ணி இறைக்க ஆளில்லாம நிக்கான். எனக்கு ராத்திரி சோறு இறங்க மாட்டேங்கு."

அவருடைய ஏக்கமும் ஏக்கம்தானே. வடிவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஒரே ஒரு வாக்குக் கேட்டாள். போகிறேன் பாட்டில் அந்த ஒரு சொல் மட்டும் மாறட்டும். அமாவாசைக்குள் மாறினால் அவர் இருக்கிறார், காரியம் கிடையாது. மாறாவிட்டால் நானே என் கையால் எள் எடுத்துத் தருகிறேன் என்றாள். பிச்சாண்டி சம்மதித்தார். செய்தி மதியத்துக்குள் காப்பி கிளப்புக்கு வந்துவிட்டது. அதன்பிறகு ஊர் அந்தப் பிளேட்டை ஒரு நாளைக்கு மூன்று தடவை போட்டுக் கேட்டது.

மற்றப் பாட்டுகள் விடாமல் திருந்தின. தாலாட்டில் தங்கத் தொட்டில் சேலைத் தூளி ஆனது. வீரப் பாட்டில் போர்வாள் அரிவாள் ஆனது. ஆனி முழுக்கப் பலகையில் புதுப்புதுச் சொற்கள் வந்து அழிந்தன. ரெங்கமணி கொஞ்சம் கொஞ்சமாக வடிவின் வீட்டுப் பாஷை பேசத் தொடங்கியிருந்தாள். ஆனால் முதல் பிளேட்டைப் போட்டால் அதே போகிறேன், கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. பலகையில் அணஞ்சபெருமாள் 'முதல் பிளேட்டு: திருத்தம் இல்லை' என்று எழுதுவார், எழுதிவிட்டுப் பின்கட்டுப் பக்கம் பார்க்க மாட்டார். ஆடி பிறந்தது. எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த மனுஷனுக்கு இதில் மட்டும் என்ன பிடிவாதம் என்று வடிவு குழவியைச் சுற்றிக்கொண்டே அழுதாள். அந்த வாரத்து இட்லியில் உப்புக் கூடிவிட்டதாகச் சிலர் சொன்னது பொய்; அவள் மாவிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அழுதாள்.

அமாவாசைக்கு முந்தின நாள் முற்பகலில் பிச்சாண்டி பின்கட்டுக்கு வந்து, தர்ப்பை வந்துவிட்டது, காலையில் இந்த வழியாகத்தான் ஆற்றுக்குப் போகிறோம் என்று சொன்னார். அவள் தலையசைத்தாள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப நான் வாரேன், தாயி," என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

குழவி பாதிச் சுற்றில் நின்றது.

முன்கட்டில் சாப்பிட்டு எழுந்தவர்கள் ஒவ்வொருவராக வாரேன் அண்ணாச்சி, வாரேன் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது அது அவள் காதில் விழுகிறது. பன்னிரண்டு வருஷமாக விழுகிறது. கூரையில் பல்லி சொல்வது மாதிரி, காதில் விழுந்தும் கேட்காத ஒரு சத்தம். வாரேன். பாட்டுப் பாஷையில் வருகிறேன். மாவு ஒட்டிய விரலால் அவள் கல்லின் விளிம்பில் தட்டி எண்ணினாள். போகிறேன் என்று ஒரு தரம், வருகிறேன் என்று ஒரு தரம். மறுபடியும் எண்ணினாள். 'போ' நின்ற இடத்தில் 'வரு' சிக்கென உட்கார்ந்தது. துருத்தவும் இல்லை, இடிக்கவும் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. முப்பத்தெட்டுப் பாட்டிலும் அவன் மாற்றிய ஒவ்வொரு சொல்லும் அவள் கையில் எடுத்துக் கொடுத்த சொல். இந்த ஓர் இடத்துக்கு மட்டும் அவள் சொல் கொடுக்கவில்லை. இது வேண்டாம் என்று சொன்னாள், அடங்காத ஒன்றைக் கொடுத்து அடம்பிடித்தாள். பிடிவாதம் பிடித்தது அவன் இல்லை. எங்கேயோ உட்கார்ந்து, முப்பத்தேழு பாட்டையும் முடித்து வைத்துவிட்டு, கடைசி ஒன்றுக்காக அவன் பேனாவைப் பிடித்தபடி அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

மத்தியானம் கிளப் சாத்தியிருக்கும் நேரத்தில், அணஞ்சபெருமாள் துண்டை விரித்துப் படுத்திருக்க, அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு முன்கட்டுக்கு வந்தாள். முதல் பிளேட்டை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். சாவி கொடுக்கவில்லை. பாட்டு வருகிற பூக்குழாய்க்கு முன்னால் நின்று, புருஷனிடம் பேசப்போகிறோம் என்பதால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு குழாய்க்குள் குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"இங்க பாருங்க. அன்னைக்கு நான் சொன்னது பெருசுதான், அடங்காதுதான். ஒத்துக்கிடுதேன். 'போய்'ய விட்டுருங்க. வருகிறேன்னு வைங்க. எண்ணிப் பாத்துட்டேன், இடிக்கலை."

அணஞ்சபெருமாள் தூங்குகிறவர் மாதிரியே கிடந்தார். இந்த ஊரில் அவரைப்போல நாகரிகம் தெரிந்தவர் குறைவு.

மறுநாள் காலை, ஆற்றுக்குப் போகிற கூட்டம் காப்பி கிளப் வாசலில் நின்றது. பிச்சாண்டி கையில் ஒரு முழ நீளத்துக்குத் தர்ப்பை உருவம், இடுப்பில் எள் முடிச்சு. வாத்தியார் நோட்டோடு வந்திருந்தார், ஆனால் பிரிக்கவில்லை. யாரும் காப்பி கேட்கவில்லை. வடிவு பின்கட்டு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராத்திரி முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் தாலிக்கொடி கழுத்தில் சிவப்பாகத் தடம் போட்டிருந்தது. அணஞ்சபெருமாள் சாவி கொடுத்து முள்ளை வைத்தார். ஆர்மோனியம் எடுத்துக் கொடுத்தது. ரெங்கமணி மூச்சு வாங்குவது கேட்டது.

*வருகிறேன் பெண்ணே, வருகிறேன் — இந்தப்*
*பொழுது புலருமுன் வருகிறேன்.*

பாட்டு பாதி போகும்வரை யாரும் அசையவில்லை. பிறகு ஒரு முணுமுணுப்பு எழுந்தது. வந்துவிட்டது, மாறிவிட்டது, ஆள் இருக்கிறான், வருகிறேன் என்று சொல்லிவிட்டான் என்று ஒரு பக்கம் பேசினார்கள். இன்னொரு பக்கம் தயங்கினார்கள். வருகிறேன் என்பது விடைபெறுகிறவன் சொல்வதும்தானே, முறையாகச் சொல்லாமல் போனவன் இன்றைக்கு முறையாகச் சொல்லிக்கொண்டு கிளம்புகிறானோ என்று ஒரு கிழவர் மெல்ல இழுத்தார். எல்லாரும் வாத்தியாரைப் பார்த்தார்கள். இலக்கணப்படி இரண்டும் சரி என்றார் சூரியநாதர். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிச்சாண்டி தர்ப்பை உருவத்தை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"வடிவு," என்றார் அவர். பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நீ சொல்லு, தாயி. எம் தம்பி போறேங்கானா, வாரேங்கானா?"

பாட்டு முடிந்தது. ஆர்மோனியக்காரர் பேஷ் என்றார். வழக்கமாக ரெங்கமணி தன் பெயரைச் சொல்கிற இடத்தில் அன்றைக்கு அந்த அம்மாள் வாய் திறக்கவில்லை. முள் கடைசிக் கோட்டில் விழுந்து, அதையே சுற்றிச் சுற்றி, செருப்புக் காலோடு ஓர் ஆள் தெருவில் நடக்கிற மாதிரி சரக், சரக் என்று சத்தம் போட்டது. கிட்டே வருகிற சத்தமா, தள்ளிப் போகிற சத்தமா என்று தெரியவில்லை. முள்ளை எடுக்க அணஞ்சபெருமாள் கையை நீட்டினார், எடுக்காமல் நிறுத்திக்கொண்டார்.

வடிவு நிலைப்படியை விட்டு நடுக்கூடத்துக்கு வந்தாள். அத்தனை ஆண்களுக்கு நடுவில் நின்று, தலைமுடியிலிருந்து நழுவிய பூவைச் சரியாகச் செருகிக்கொண்டாள். பிறகு பூக்குழாயைப் பார்த்து, வாசலில் நிற்கிற ஆளிடம் சொல்கிற குரலில், பதினைந்து வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னாள்.

"சரி, வாங்க."